சொல்றது நீதானே

"ரெண்டே ராத்திரிம்மா, அஸ்தா என்கூட..."

"எதை நம்பி அனுப்பச் சொல்ற?"

"ஒரு வருஷம், ஒரு வாரம்கூட விடாம சிகிச்சைக்குப் போயிருக்கேன். நல்லாயிட்டேன்."

"நல்லாயிட்டேன்னு சொல்றது யாரு? நீதானே."

அப்படிக் கேட்பதுதான் அம்மா அக்னேட்டாவின் வேலையே. உணர்ச்சிகள் கட்டுக்கடங்காமல் பொங்கும் எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறுக்குப் பேச்சு சிகிச்சை உதவுகிறதா என்று பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைப் படித்து, எதை எவ்வளவு நம்பலாம் என்று மதிப்பிடுவாள். உதவுகிறது என்றுதான் அவளும் எழுதியிருந்தாள். அது சிகிச்சை பெற்றவர்கள் தாங்களே சொன்னது, அதனால் அப்படியே நம்பிவிட முடியாது என்றும் கூடவே எழுதியிருந்தாள். மகள் சோல்வைக்கு அதே நோய் என்பதால், ரோஸ்கில்டே நகரத்து வீட்டுச் சமையலறையிலும் அவளால் வேறு மாதிரி யோசிக்க முடியவில்லை. சோல்வையின் குழந்தை அஸ்தா மூன்று வயதிலிருந்து அக்னேட்டாவிடம்தான் வளர்கிறாள்.

அன்று அதிகாலையில் எழுந்தவள், முந்தின இரவே வந்து தங்கியிருந்த சோல்வை குளியலறையில் பனிக்கட்டி மிதக்கும் பாத்திரத்துக்குள் முகத்தை முக்கியிருப்பதைப் பார்த்துப் பதறி, தலைமுடியைப் பற்றி இழுத்துவிட்டாள். கோபம் பொங்கினால் உடம்பைத் தணிக்க சிகிச்சை வகுப்பில் சொல்லிக்கொடுத்த வழி என்றாள் மகள். அக்னேட்டா அதைப் பற்றிப் படித்திருக்கிறாள். ஆனாலும் விடியும் முன்பே அப்படி என்ன கோபம் என்ற கேள்வி உள்ளே உட்கார்ந்துகொண்டது.

இப்போது சோல்வை கம்பு ரொட்டியில் ஈரல் விழுதைப் பதமாகத் தடவிக்கொண்டிருந்தாள். குரல்கூட உயரவில்லை. முன்பெல்லாம் இந்நேரம் தட்டு சுவரில் சிதறியிருக்கும். இந்த அடக்கம்தான் அக்னேட்டாவைக் கலக்கியது. குழந்தை கைக்கு வரும்வரை தாக்குப்பிடிக்கிறாளோ?

"நடிக்கிறியா?"

"இல்லம்மா."

"நடிக்கிறவங்களும் இல்லைன்னுதான் சொல்வாங்க."

சோல்வை ரொட்டியைப் பாதியாக வெட்டினாள்.

"அஸ்தாவே உன்கூட வரமாட்டேன்னு சொல்லிட்டா."

அஸ்தா அப்படிச் சொல்லவே இல்லை. பள்ளிக்குக் கிளம்பும்போதுகூட, அம்மா வீட்டுக்கு எந்தப் பொம்மையை எடுத்துப்போகலாம் என்று கேட்டுவிட்டுத்தான் போனாள். மகளின் அமைதி உண்மையா என்று பார்க்க அக்னேட்டாவுக்கு வேறு வழி தோன்றவில்லை. சொல்லிவிட்டு, கோப்பையைப் பார்த்தாள், கத்தியைப் பார்த்தாள், மகளின் கைகளைப் பார்த்தாள்.

சோல்வையின் கழுத்து சிவந்தது. கத்தியைப் பலகைமேல் படுக்க வைத்தாள். மூச்சை மெல்ல இழுத்து, மெல்ல விட்டாள். பிறகு, நாற்காலியை அம்மா பக்கம் திருப்பிக்கொண்டு கேட்டாள்:

"அவ என்ன வார்த்தை சொன்னாம்மா? அவ சொன்ன மாதிரியே சொல்லு."