கவிழ்த்து வைத்த பக்கம்

"மூடிடாதீங்க. இப்படியே இருக்கட்டும்," என்றாள் மனைவி. சாப்பாட்டு மேசையின் ஓரத்தில், சர்க்கரை டப்பாவுக்கும் சாவிக்கொத்துக்கும் நடுவே, மாங்கா என்கிற அந்த ஜப்பானியப் படக்கதைப் புத்தகத்தைக் கூரை மாதிரி கவிழ்த்து வைத்தாள். பிறகு வீட்டுச் செருப்பை வாசலில் உதறிவிட்டு ஷூவுக்குள் காலை நுழைத்தாள்.

அவள் கணவரான குரல்காரர் தலைக்கு மேல் துண்டைப் போர்த்திக்கொண்டு ஆவி பிடித்துக்கொண்டிருந்தார். துண்டுக்குள்ளிருந்தே, "முதுகு உடைஞ்சிடும்," என்றார்.

"யாரோடது?"

"புத்தகத்தோடது."

"அதானே பாத்தேன். என்னோடது உடைஞ்சா கேக்க ஆளில்லை. நானே எக்ஸ்ரே எடுத்துக்கறேன், விடுங்க ஹீரோ சார்."

ஆவி பிடிக்கும்போது சிரித்தால் மூக்கில் ஏறும். அவருக்கு ஏறியது. அவர் இருமி முடிக்கும்வரை அவள் கதவைப் பிடித்தபடி நின்றாள்.

"சாயங்காலம் வந்ததும் உங்களுக்கு ஒரு பக்கம் காட்டணும். ஒரே ஒரு பக்கம். பாத்துட்டு அப்புறம் என்ன வேணா சண்டை போடுங்க."

"பாக்கலாம்."

அந்த வீட்டில் 'பாக்கலாம்' என்றால் முடியாது என்று அர்த்தம். அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் சாவியை எடுத்துக்கொண்டு, போகிற போக்கில் அவருடைய துண்டின் மேல் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள்.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு மேசையைத் துடைக்க வந்தார். புத்தகம் வழியில் இருந்தது. அதைத் தூக்கினார். எந்தப் பக்கம், எத்தனையாவது பாகம் என்று ஒரு கணம்கூடப் பார்க்கவில்லை. பட்டென்று மூடி, அலமாரியில் அதன் சகோதரர்களோடு கொண்டுபோய் நிறுத்தினார். முதுகு உடையக் கூடாது என்பது பாதிக் காரணம். மீதிப் பாதி, அந்தப் புத்தகத்தின் மேல் அவருக்கு இருந்த பழைய மனத்தாங்கல்.

அந்த மனத்தாங்கலின் கதை இது.

அவருக்குத் தொழில் டப்பிங். அயல்மொழிப் படங்களில் வாயசைப்பவர்களுக்குத் தமிழ் கொடுப்பது. எத்தனையோ போலீஸ்காரர்களுக்கும், ஒரு பேசும் கரடிக்கும், மூட்டுவலித் தைலத்துக்கும் குரல் கொடுத்து அலுத்துப்போயிருந்த நேரத்தில்தான் அந்த அனிமே, அதாவது ஜப்பானியக் கார்ட்டூன் தொடர் வந்தது. பனிமலைக் கிராமங்களுக்குத் தபால் சுமந்து போகும் ஓர் இளைஞனின் கதை. தபால்காரனுக்கு இவர் குரல். இருபது வயதுப் பையனுக்கு நாற்பத்தெட்டு வயதுத் தொண்டை. ஆனால் கேட்பவர் யாரும் நம்ப மாட்டார்கள்.

அதில் ஒரு காட்சி. ஒரு குளிர்காலம் முழுக்கத் தபால் சுமந்துவிட்டுத் தபால்காரன் வீடு திரும்புகிறான். அவன் வழியில் இருக்கும்போதே தம்பி இறந்துவிட்டான். வீடு பூட்டிக் கிடக்கிறது. பூட்டிய கதவின் முன்னால் நின்று அவன் பேசுகிறான். அழுகிறான், கெஞ்சுகிறான், கடைசியில், "கதவைத் திறடா தம்பி!" என்று மலை அதிரக் கத்துகிறான். குரல்காரர் அதை ஒரே டேக்கில் பேசினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த சவுண்ட் இன்ஜினியர் ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஊரே அந்த வரியைப் பிடித்துக்கொண்டது. ஸ்டுடியோ வாசல் காவலாளி இவர் வண்டியைக் கண்டதும், "கதவைத் திறடா தம்பி!" என்று தனக்குத்தானே கத்திக்கொண்டு கேட்டைத் திறப்பார். கல்யாண வரவேற்புகளில் மைக்கைக் கொண்டுவந்து நீட்டுவார்கள்.

அவர் மனைவி மட்டும் அதைப் பார்க்கவில்லை. ஒரு நாள் அவர் வற்புறுத்தி உட்காரவைத்தபோது பாதியில் எழுந்து போய்த் துணி மடிக்க ஆரம்பித்தாள்.

"என்ன, பிடிக்கலையா?"

"நீங்க நல்லாத்தான் பேசறீங்க."

"அப்புறம்?"

"அந்த இடத்துல அவன் பேச மாட்டான்."

அவள் அந்தக் கதையைத் தொடர் வருவதற்கு முன்பிருந்தே மாங்காவாகப் படித்து வருகிறவள். அவளுடைய தம்பிதான் முதல் பாகத்தை வாங்கிக் கொடுத்துக் கெடுத்தது. பிறகு அலமாரியில் ஒரு தட்டு நிறைந்து, அடுத்த தட்டுக்கும் குடியேறியது. ஸ்டுடியோவில் இதைக் கேள்விப்பட்ட டப்பிங் இயக்குநர், "சாருக்கு வீட்லயே எதிர்க்கட்சி," என்று ஊர் முழுக்கச் சொல்லிவைத்தார். குரல்காரரும் வெளியில் சிரித்தார்.

வீட்டுக்குள் சிரிக்கவில்லை. "நின்ன படத்துல என்ன இருக்கு? கலரு கிடையாது, சத்தம் கிடையாது. உயிரே இல்லையே," என்பார்.

"உயிரை நான் குடுத்துக்கறேன். அதான் விஷயமே. உங்க படத்துல எல்லாத்தையும் நீங்களே குடுத்துடறீங்க. எங்க அழணும்னு வயலின் வந்து முதுகைத் தட்டிச் சொல்லுது. எனக்குத் தெரியாதா?"

"சின்னப் பசங்ககூட டிவிலதான் பாக்குது."

"பாக்கட்டும். அதுல அவங்க நகர்றாங்க, நான் சும்மா உக்காந்திருக்கேன். இதுல அவங்க நிக்கறாங்க, நான்தான் நகர்றேன். பிடிச்ச கட்டத்துல எவ்வளவு நேரம் வேணா நிப்பேன். யாரும் என்னைத் தள்ள முடியாது."

அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். நாள் முழுக்க, "மூச்சை இழுங்க, அடக்குங்க, அசையாதீங்க, விடுங்க," என்று சொல்லிச் சொல்லி, தூக்கத்திலும் ஒருமுறை சொல்லியிருக்கிறாள். "அசைஞ்சா ஒண்ணும் தெரியாதுங்க," என்பாள் சிரித்துக்கொண்டே. "என் பொழப்பே கறுப்பு வெள்ளை. நிக்கவெச்சுப் பாத்தாத்தான் உள்ளே இருக்கறது தெரியும்."

ஒருமுறை அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "சரி, படிக்கும்போது உன் காதுல அவன் எந்தக் குரல்ல பேசறான்? என் குரல் இல்லைதானே? யாரு குரல் அது?"

"படிச்சிட்டு வாங்க, சொல்றேன்."

அவர் படிக்கவில்லை. படித்தால் தோற்றுப்போன மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தார். இரண்டு வருஷம் அந்த வீட்டில் அந்தக் கேள்வி அப்படியே கிடந்தது.

அவர் புத்தகத்தை மூடி வைத்த அன்று மதியம் ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்தார்கள். எக்ஸ்ரே அறையில் ஒரு முதியவரின் தோளைத் திருப்பி நிறுத்தும்போது, தலை வலிக்கிறது என்று சொல்லிச் சுவரைப் பிடித்திருக்கிறாள். மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது. அவர் போய்ச் சேர்ந்தபோது செய்வதற்கு எதுவும் மிச்சமில்லை.

எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது வாசலில் அவளுடைய வீட்டுச் செருப்பு, காலையில் உதறிய வாக்கிலேயே கிடந்தது. ஒன்று நேராக, ஒன்று பக்கவாட்டில். அவர் தன்னுடையதைக் கழற்றி அதன் பக்கத்தில் விட்டார். உள்ளே போய் உட்கார்ந்தார். வந்தவர்கள் எல்லோரும் அவர் ஏதாவது சொல்வார் என்று பார்த்தார்கள். பேசியே பிழைப்பவர் ஆயிற்றே. அவர் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை.

சில வாரம் கழித்து மைத்துனன் இரண்டு அட்டைப்பெட்டிகளோடு வந்தான். அலமாரியைப் பார்த்தபடி தயங்கி நின்றான்.

"அத்தான், இந்த புக்கெல்லாம் நான் எடுத்துட்டுப் போகட்டுமா? உங்களுக்கு இதைக் கண்டாலே ஆகாதுன்னு அக்கா சொல்லுவா."

"அப்படியா சொன்னா?"

"கிண்டலாத்தான். 'என் வீட்டுக்காரருக்கு இருபத்தி ஆறு சக்களத்தி'ம்பா."

குரல்காரர் அலமாரியைப் பார்த்தார். இருபத்தாறு முதுகுகள், ஒரே மாதிரி சாம்பல் நிறம். "இதுல ஒண்ணை அன்னிக்குக் காலைல கவுத்து வெச்சிட்டுப் போனா. ஒரு பக்கம் காட்டணும்னு சொன்னா. நான் மூடி உள்ளே வெச்சிட்டேன். எதுன்னு தெரியலை. உங்கிட்ட ஏதாவது சொன்னாளா, எந்தப் பக்கம்னு?"

மைத்துனன் உதட்டைப் பிதுக்கினான். பிறகு பெட்டிகளை மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டான். "நீங்களே வெச்சுக்கோங்க அத்தான். படிச்சுப் பாருங்க, கிடைச்சாலும் கிடைக்கும்." வாசல்வரை போய்த் திரும்பி, "வலப்பக்கத்துல இருந்து ஆரம்பிக்கணும். மறந்துடாதீங்க," என்றான்.

மறந்துதான் போனார். மறுநாள் காலை முதல் பாகத்தை எடுத்து, பிறந்ததிலிருந்து புத்தகத்தைத் திறக்கிற மாதிரியே திறந்தார். 'நில்லுங்கள், இது கடைசிப் பக்கம்' என்று அங்கே வரைந்திருந்த ஒரு குட்டித் தபால்காரன் கையை நீட்டித் தடுத்தான். தப்பான பக்கத்திலிருந்து பார்க்கிறீர்கள் என்று இரண்டு வருஷமாக அவள் அவரிடம் சொல்லிவந்ததை இவனும் சொல்கிற மாதிரி இருந்தது. திருப்பிப் பிடித்துக்கொண்டு, வலமிருந்து இடமாக, பள்ளிக்கூடம் சேர்ந்த பிள்ளை மாதிரி விரலை வைத்துப் படிக்க ஆரம்பித்தார்.

முதலில் தபால்காரன் அவருடைய குரலிலேயே பேசினான். சும்மா பேசவில்லை, ஏற்ற இறக்கத்தோடு, மைக் முன்னால் நிற்கிற மாதிரி பேசினான். ஒவ்வொரு கட்டத்தையும் அவர் மனசுக்குள் டப்பிங் செய்துகொண்டிருந்தார். தொலைக்காட்சியில் ஒரு வாரம் இழுத்த ஓட்டம் இங்கே மூன்று கட்டத்தில் முடிந்தது. அங்கே கண்சிமிட்டும் நேரத்தில் கடந்துபோன ஒரு பனிக்கூரைக்கு இங்கே ஒரு பக்கம் முழுக்க இருந்தது. அவர் அவசரமாகப் புரட்டினார். பிறகு அவசரப்படுத்த இங்கே இயக்குநர் யாரும் இல்லை என்பது உறைத்தது. கூரையைப் பார்த்தார். அதன் மேல் ஒரு பூனையின் காலடித் தடம் இருந்தது. தடம் கூரை நடுவே நின்றுபோயிருந்தது. பூனையைக் காணவில்லை. அந்தக் காட்சிக்கு அவர் பேசியிருக்கிறார். பூனை இருந்ததே அவருக்குத் தெரியாது.

எந்தப் பாகத்தில் என்று சொல்ல முடியாது, எங்கோ நடுவில் தபால்காரன் அவர் குரலை விட்டுவிட்டான். வேறு யாருடைய குரலிலும் பேசவில்லை. பேசினான், அவ்வளவுதான். அவர் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, இதை உடனே ஒருத்தியிடம் சொல்லியாக வேண்டும் என்று அடுப்படிப் பக்கம் திரும்பினார்.

பதினேழாவது பாகத்தை எடுத்து மேசையில் வைத்தபோது அது தானாகத் திறந்துகொண்டது. பலமுறை கவிழ்த்து வைத்து முதுகு அந்த இடத்தில் உடைந்திருந்தது. மற்றப் புத்தகங்களின் முதுகிலும் மடிப்புகள் இருந்தன, ஆனால் இது நூல் தெரியும் அளவுக்கு உடைந்திருந்தது. அவர் அதைத் தொடாமல் குனிந்து பார்த்தார்.

தபால்காரன் வீடு திரும்பியிருக்கிறான். கதவு பூட்டியிருக்கவில்லை, திறந்துதான் கிடக்கிறது. வாசலில் தம்பியின் செருப்பு. ஒரு கட்டத்தில் அது மட்டும். அடுத்ததில் அதன் பக்கத்தில் தபால்காரனின் பனி ஒட்டிய பூட்ஸ். பிறகு ஒரு தண்ணீர்க் குவளை. ஆடாத திரை. உட்கார்ந்திருக்கும் அவன் முதுகு. முன்பக்கமும் பின்பக்கமும் புரட்டிப் பார்த்தார். நான்கு பக்கம். எங்கும் ஒரு சொல் இல்லை. பேச்சுக்கான வெள்ளைக் குமிழ்கூட ஒன்றில்லை.

அவர் வாசலைப் பார்த்தார். அவளுடைய செருப்பை அவர் இன்னும் எடுத்து வைத்திருக்கவில்லை.

கண்டுபிடித்தாயிற்று. 'படிச்சிட்டு வாங்க' என்றவளிடம் போய், படித்துவிட்டேன் என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

அந்த வருஷக் கடைசியில் தொடரைப் புதுப்பித்து இணையத்தில் வெளியிடப் போவதாகவும், பழைய ஒலி சில இடங்களில் கரகரக்கிறது, திரும்பப் பேசித் தர வேண்டும் என்றும் கூப்பிட்டார்கள். காவலாளி அவரைக் கண்டதும் சத்தம் போடாமல் எழுந்து கேட்டைத் திறந்தார்.

குரல்காரர் இயக்குநரிடம், "அந்த வீட்டுக் காட்சியில பேச்சை எடுத்துட்டா என்ன? காத்து சத்தம் மட்டும் போதும்," என்றார்.

இயக்குநர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "சார், அந்த வரிக்குத்தான் ஜனம் காத்திருக்கு. ரெண்டு நிமிஷம் சத்தமில்லாம ஓட்டினா போன் ரிப்பேர்னு நெனைச்சு ஆஃப் பண்ணிடுவாங்க."

"மூலக்கதையில அவன் பேசலை."

"அது புத்தகம் சார். இது வேற." பிறகு குரலைத் தணித்தார். "வீட்ல எதிர்க்கட்சிக்காரங்க சொன்னாங்களா?"

"ஆமா."

இயக்குநர் அவர் தோளைத் தொட்டுவிட்டுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனார். திரையில் தபால்காரன் வீட்டை நோக்கி நடந்தான். சிவப்பு விளக்கு எரிந்தது. குரல்காரர் மைக் முன்னால் நின்றார். காட்சி முழுக்க ஓடி முடிந்தது. அவர் மூச்சை இழுத்து, அடக்கி, அசையாமல் நின்றார்.

"சார், மைக் ஆன்ல தான் இருக்கு," என்றார் சவுண்ட் இன்ஜினியர் மெதுவாக. "இன்னொரு டேக் போலாமா?"

இன்னொரு டேக்கிலும் அதேதான். மூன்றாவதற்கு அவர்கள் கேட்கவில்லை. "பரவாயில்லை சார். இந்த இடத்துக்கு மட்டும் பழைய ஒலியையே சுத்தம் பண்ணிப் போட்டுக்கறோம். நீங்க மத்ததைப் பேசிக் குடுங்க," என்றார் இயக்குநர். பேசிக் கொடுத்தார்.

தொடர் வெளிவந்துவிட்டது. பக்கத்து வீட்டு மாடியிலிருந்து சில மாலைகளில் அவருடைய குரலே வந்து அவர் ஜன்னலில் மோதுகிறது. கதவைத் திறடா தம்பி, என்கிறது. அவர் எழுந்து ஜன்னலைச் சாத்துவார்.

பதினேழாம் பாகத்தை அவர் அலமாரியில் வைப்பதில்லை. சாப்பாட்டு மேசையில், சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. மேசை துடைக்கும்போது எடுத்து மூடி, துடைத்து முடித்ததும் திரும்ப வைப்பார். கையை எடுத்ததும் அது அந்தப் பக்கத்தில்தான் திறந்துகொள்கிறது.