இடது தோள் கமரா

கொட்டாஞ்சேனை வின்சன்ற் பிளாஷ் அடித்தால் மட்டக்குளியில் சேவல் கூவும் என்று சொல்வது மிகைப்பட்ட பேச்சு. அப்படி நடந்தது இரண்டே தடவைதான். மூன்றாம் தடவை கூவியது சேவல் அல்ல, துறைமுகத்துச் சங்கு. நேவிக்காரர் வந்து விசாரித்துவிட்டு, ஆளுக்கு ஒரு பாஸ்போர்ட் சைஸ் படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

சண்டைக் காலத்திலும் கொழும்புக் கொம்பனிகள் பார்ட்டி வைக்கத் தவறவில்லை. குண்டு வெடித்த கிழமையில் ஒத்திவைப்பார்கள். அடுத்த கிழமை இரண்டாக வைப்பார்கள். அங்கெல்லாம் வின்சன்ற் இரண்டு தோளிலும் இரண்டு கமராவுடன் நிற்பார். வலது தோள் கமராவில் பிலிம் இருக்கும். அது டிரெக்டர்மாருக்கும் அவர்களுடைய பெண்சாதிமாருக்கும் கேக்குக்கும். இடது தோள் கமராவில் பிளாஷ் மட்டும்தான், பிலிம் கிடையாது. டிரைவர்மாரும் லிப்டுக்காரரும் "எங்களையும் ஒண்டு" என்று வந்தால், இல்லை என்பது மரியாதையா? ஆகவே இடது தோள். வெளிச்சம் விழும், முகம் மலரும், பிலிம் மிஞ்சும்.

பிறகு படம் கேட்டு வந்தால் எல்லோருக்கும் ஒரே பதில்: "நீங்கள் கண்ணை மூடிட்டீங்கள்."

பதினெட்டு வருடத்தில் கொழும்பில் பாதிப் பேரை அவர் இப்படிக் கண்மூட வைத்திருந்தார். ஒருவரும் சண்டைக்கு வந்ததில்லை. ஏழைப்பட்டவன் படம் சரிவராவிட்டால் பிழை தன் முகத்தில்தான் என்று நினைத்துக்கொள்வான். அந்த நினைப்பை நம்பித்தான் தொழில் நடந்தது.

தொண்ணூற்றேழாம் வருட மார்கழியில், காலிமுகத்திடல் பக்கத்து ஹோட்டல் ஒன்றில் ஒரு தேயிலைக் கொம்பனியின் வருடமுடிவுப் பார்ட்டி. அந்தக் கொம்பனியில் முப்பத்தொரு வருடமாக மேசை மேசையாகத் தேத்தண்ணி கொடுத்துவந்தவர் காளியப்பன். அந்த வருடம்தான் முதன்முதலாக அவரையும் விருந்தாளியாகக் கூப்பிட்டிருந்தார்கள். புறக்கோட்டை நடைபாதையில், வெளிநாட்டுப் பழைய உடுப்புக் குவியலுக்குள் அரைநாள் தேடி ஒரு சாம்பல் நிறக் கோட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அதற்குள் இன்னொரு காளியப்பன் தாராளமாகக் குடியிருக்கலாம்.

"சார், நம்மள ஒண்ணு புடிப்பீங்களா? பொகவந்தலாவையில மக இருக்கு. அனுப்பணும்."

"அதுக்கென்ன, வாங்கோ. நாடியைக் கொஞ்சம் நிமித்துங்கோ."

டெலிபோன் ஒப்பரேட்டர் டோரின், தன் முறைக்குக் காத்து நின்றவள், முன்னால் வந்து அவருடைய கோட்டுக் காலரை இழுத்துச் சரிசெய்துவிட்டாள். வின்சன்ற் இடது தோள் கமராவை எடுத்தார். பளிச்.

காளியப்பன் கையெடுத்துக் கும்பிட்டார். வெறும் வெளிச்சத்துக்கு அப்படி ஒரு கும்பிடு வின்சன்றுக்கு அதுவரை கிடைத்ததில்லை.

ஒன்பதாம் நாள் காலையில் ஜம்பட்டா வீதியில் இருந்த அவருடைய ஸ்டூடியோவுக்கு ஒரு பெண் வந்து நின்றாள். காளியப்பனின் மனைவி இராமலெட்சுமி. நின்றபடியே சொன்னாள். பார்ட்டி நடந்த அதே மாலை, வெள்ளவத்தை ரயில் பாதையோரம் யாரோ ஒரு குண்டுப் பார்சல் வைத்திருக்கிறான். பார்த்தவன், ஆள் சாம்பல் நிறக் கோட்டுப் போட்டிருந்தான் என்று சொல்லியிருக்கிறான். வெள்ளவத்தையில் பொலிஸ் வீடுவீடாகச் சோதனை போட்டபோது இவர்களுடைய ஒற்றை அறையில் ஆணியில் அந்தக் கோட்டுத் தொங்கியது. தேத்தண்ணி ஊற்றுகிறவனுக்குக் கோட்டு எதற்கு? கொண்டுபோய்விட்டார்கள்.

"பார்ட்டியிலதான் இருந்தேன்னு சொல்றாருங்க. நம்ப மாட்டேங்குறாங்க. கொம்பனியில கேட்டா, நானூறு பேரு வந்தாங்க, ஒவ்வொருத்தனுக்கும் நாங்க ஜவாப் சொல்ல முடியாதுன்னுட்டாங்க. கூட வேல செய்றவங்க வாயத் தொறக்கவே பயப்படுறாங்க. இன்ஸ்பெக்டர் ஐயா, போட்டோ இருந்தா கொண்டா, விட்டுடுறேன்னு சொன்னாரு. நீங்க புடிச்சீங்களாமே சார்?"

வின்சன்றின் வாய் பதினெட்டு வருடப் பழக்கத்தில் தானாகத் திறந்தது. "அவர் கண்ணை மூடிட்டார், தங்கச்சி."

"மூடியிருந்தாப் பரவாயில்லைங்க சார்" என்றாள் இராமலெட்சுமி. "ஆளு தெரிஞ்சாப் போதும்."

வின்சன்ற் மேசையைத் துடைத்தார். அதில் தூசி இல்லை. பின்னேரம் வரச் சொல்லி அவளை அனுப்பிவிட்டு, அன்றைய பார்ட்டியின் நெகட்டிவ்களை எல்லாம் விளக்குக்கு மேலே பிடித்துப் பார்த்தார். மூன்று ரோல். டிரெக்டர்மார் சிரித்தார்கள், சாப்பிட்டார்கள், கேக்கை நான்கு கோணத்தில் வெட்டினார்கள். ஒரு வேலைக்காரனுடைய நிழல்கூட இல்லை. ஓரத்தில் வந்து நிற்பவர்களை விலக்கிவிட்டு எடுப்பதில் வின்சன்ற் கெட்டிக்காரர் என்று பெயர்.

அவருடைய மனைவி ஐறீன் கதவடியில் நின்று பார்த்தாள். கத்தரிக்கோலும் பசையும் மேசைக்கு வந்துவிட்டிருந்தன.

"ஆளை வெட்டி ஒட்டப் போறீங்களோ?"

"வேற என்ன செய்ய?"

"நல்லது. இப்ப அவரை மட்டும் உள்ள வைச்சிருக்கிறாங்கள், பிறகு உங்களையும் சேர்த்து ரெண்டு பேரையும் வைச்சிருப்பாங்கள். சோறு நான் ஒரே பாத்திரத்தில கொண்டு வரலாம்."

கத்தரிக்கோலை மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டு வின்சன்ற் சட்டையை மாற்றினார்.

அவர் நேரே போனது எந்தப் பொலிஸ் ஸ்டேஷன் என்பது வேண்டாம். இன்ஸ்பெக்டர் சிங்களவர், ஆனாலும் தமிழ் பேசினார். நாலு வருடம் பதுளையில் இருந்தவர், பிழையாக, ஆனால் தாராளமாகப் பேசினார்.

"கோ ஃபொட்டோ எக? போட்டோ எங்கே?"

"இல்லை, சேர். நான் எடுக்கேல்லை. எடுத்த மாதிரி பிளாஷ் மட்டும் அடிச்சனான்."

வின்சன்ற் இரண்டு கமராக்களையும் மேசையில் வைத்து, எது எதற்கு என்று சொன்னார். இரண்டு கான்ஸ்டபிள்கள் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஞாயிறு தோறும் பாதிரியாரின் காதில் சொல்லாமல் விட்டதை, பதினெட்டு வருடத்துக்கும் சேர்த்து, ஒரு பொலிஸ் மேசையில் சொல்ல வேண்டிவந்தது. காது இரண்டும் அடுப்பில் வைத்த மாதிரிக் கொதித்தன.

"நானூறு பேர். இந்த ஆள் முகம் மட்டும் எப்படி ஞாபகம்?"

"படம் எடுத்த ஆக்களின்ர முகம் ஞாபகம் இல்லை, சேர். அவையின்ரதைக் கமரா வைச்சிருக்கும். ஏமாத்தின ஆக்களின்ரதை நான்தானே வைச்சிருக்க வேணும்."

"அப்ப சொல்லு. அன்னிக்கு வேற யார் யாரை ஏமாத்தினது?"

வின்சன்ற் சொன்னார். மணிக்கூடு தெரியட்டும் என்று சட்டைக்கையை மடித்துவிட்ட டிரைவர். ஒருத்தியின் சேலைத் தலைப்பை ஒருத்தி பிடித்துக்கொண்டு நின்ற, தேயிலைப் பெட்டி கட்டும் பக்கிங் பிள்ளைகள் இரண்டு பேர். நீலச் சேலையில், பல் விழுந்த மகளோடு, டோரின். அவளுக்கு முன்னால், காலரைச் சரிசெய்ய விட்டுக்கொண்டு, காளியப்பன். இருபத்து மூன்று பேரையும் அவர் ஒருவர் விடாமல் சொல்லி முடித்தபோது கான்ஸ்டபிளின் பேனையில் மை தீர்ந்துவிட்டது.

இன்ஸ்பெக்டர் கொம்பனிக்கு டெலிபோன் அடித்தார். எடுத்தவள் டோரின். பொலிஸ் என்றதும் அவளுடைய குரல் தேய்ந்து போனது. அவர் காளியப்பன் என்ற பெயரையே எடுக்கவில்லை. பார்ட்டியில் உன்னைப் படம் பிடித்தானா என்று மட்டும் கேட்டார்.

குரல் திரும்பி வந்தது. மேசைக்கு இந்தப் பக்கம் நின்ற வின்சன்றுக்கே கேட்டது. "ஓம் சேர்! நானும் மகளும் நிண்டனாங்கள். நீலச் சாறி. எனக்கு முன்னால எங்கட தேத்தண்ணிக் காளியப்பன் நிண்டவர், கோட்டுக் காலர் மடிஞ்சு கிடந்தது, நான்தான் எடுத்துவிட்டனான். ஏன் சேர், படம் உங்களிட்டயோ வந்திருக்கு? வடிவா வந்திருக்கோ?"

காளியப்பன் இருந்தானா என்று கேட்டிருந்தால் அந்தக் கொம்பனியில் ஒரு வாயும் திறந்திராது. படத்தைக் கேட்டதும் பயம் போன இடம் தெரியவில்லை. இன்ஸ்பெக்டர் டிரைவரையும் கூப்பிட்டுக் கேட்டார். அவனும் படம் எப்போது கிடைக்கும் என்றுதான் கேட்டான். போகிற போக்கில் காளியப்பனின் கோட்டைப் பற்றி ஒரு பகிடியும் விட்டான்.

இன்ஸ்பெக்டர் போனை வைத்துவிட்டுக் கமராக்களை வெகுநேரம் பார்த்தார்.

"போன வருஷம் எங்க ஸ்டேஷன் பார்ட்டி. நீதானே வந்தது?"

"ஓம், சேர்."

"எனக்கு எந்தக் கமரா?"

"வலது, சேர். சத்தியமா வலது."

"என் அம்மாவுக்கு?"

வின்சன்ற் மேசையில் இருந்த இடது தோள் கமராவைத் தன் பக்கம் கொஞ்சம் இழுத்தார்.

"கண்ணை மூடிட்டாங்கன்னு சொன்னது நீ. என் அம்மாவுக்கு முகவாதம். இந்தப் பக்கத்துக் கண்ணை எட்டு வருஷமா மூடவே ஏலாது. படுத்தாலும் மூடாது." இன்ஸ்பெக்டர் ஒரு தாளை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். "ஆளைக் கூட்டிட்டுப் போ."

கன்னத்தில் ஒரு அறை விட்டிருந்தால் வின்சன்றுக்குச் சுகமாக இருந்திருக்கும். விடவில்லை.

காளியப்பனுக்கு முகம் கொஞ்சம் வீங்கியிருந்தது. அது வடிய இரண்டு கிழமை காத்திருந்து, வின்சன்ற் அவரை ஸ்டூடியோவுக்கு அழைத்தார். சாம்பல் நிறக் கோட்டைப் பொலிஸ் திருப்பித் தரவில்லை. ஸ்டூடியோக் கோட்டைப் போட்டு, முதுகில் உடுப்புக் கிளிப் நாலு மாட்டி, அளவுக்குக் கொண்டுவந்தார்கள். வின்சன்ற் வலது தோள் கமராவை எடுத்தார். பளிச்.

இடது தோள் கதையை ஸ்டேஷனிலேயே கேட்டிருந்த காளியப்பன் முக்காலியை விட்டு எழும்பவில்லை.

"சார், கோவிச்சுக்கக் கூடாது. இதுல இருக்குங்களா?"

வின்சன்றுக்குக் காதுவரை சூடேறியது. உடனே கமராவின் முதுகைத் திறந்து நீட்டினார். காளியப்பன் தொட்டிலுக்குள் பிள்ளையைப் பார்க்கிற மாதிரிக் குனிந்து பார்த்தார்.

"இருக்குங்க" என்று கும்பிட்டுவிட்டுக் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் போனார்.

அவர் படியிறங்கிய பிறகுதான் வின்சன்ற் கையில் திறந்து கிடந்த கமராவைப் பார்த்தார். பதினெட்டு வருடத் தொழில்காரர், பட்டப்பகலில், எடுத்த படத்தின் மேல் வெளிச்சத்தைக் கொட்டியிருந்தார். பிலிம் இருந்தது, இனி அதில் காளியப்பன் இல்லை. நாளைக்கு அவர் வரும்போது சொல்ல அந்தப் பழைய வசனம் நாக்கு நுனியில் தயாராக நின்றது.

வின்சன்ற் செருப்பைத் தேடாமல் வீதிக்கு ஓடினார். காளியப்பன் பஸ்ஸில் ஒரு காலை வைத்துவிட்டார்.

"காளியப்பன்! இறங்குங்கோ, இன்னொருக்கா எடுக்க வேணும்!"

"ஏங்க சார்? கண்ண மூடிட்டேனுங்களா?"

"நீங்கள் முழிச்சுத்தான் இருந்தனீங்கள்" என்றார் வின்சன்ற், பஸ் முழுக்கக் கேட்க. "மூடினது நான்."