இடது மட்கார்டு

1

மார்ச் 9, ஞாயிறு, காலை பத்தரை மணி. அக்கா வீட்டுக் கார் ஷெட்டில், மூன்று வாரமாகச் செய்த மட்கார்டை அக்காவும் மாமாவும் வண்டியின் இடது முன்சக்கரத்துக்கு மேல் வைத்துப் பார்த்தார்கள். மட்கார்டுக்கும் பானெட்டுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி இருந்தது.

இந்தக் கதை அந்த இடைவெளியில் பிறந்தது. நான் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தேன்.

(முதலில் வேறு மாதிரி ஆரம்பித்தேன்: 'தகரத்துக்கும் நினைவு உண்டு, அது தன்மேல் விழுந்த ஒவ்வொரு' என்பதோடு நிறுத்திவிட்டேன். தகரத்துக்கு நினைவு கிடையாது. துரு உண்டு.)

2

மாமா, அதாவது அக்காவின் கணவர், வீடு வீடாகப் போய் மின் மீட்டர் கணக்கெடுத்தவர். பார்வையின் நடுப்பகுதி மங்கிக்கொண்டு வருகிறது, இனி வண்டி ஓட்டக் கூடாது என்று கண் டாக்டர் ஜனவரியில் சொல்லிவிட்டார். அக்கா தையல்காரி. அவளுக்கும் ஓட்டத் தெரியும். பதினோரு வருடம் முன்பு கேட் தூணில் இடித்து இடது மட்கார்டில் பள்ளம் விழுந்தது, அன்று விட்டதுதான்.

வண்டி எங்கள் மூவரையும்விட வயதில் மூத்தது. அதற்கு உதிரி பாகம் செய்வதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள்.

"நீ ஓட்டு. இல்லன்னா யாருக்காவது குடுத்துடலாம்," என்றார் மாமா அக்காவிடம்.

"அந்தப் பள்ளத்தைப் பாத்துக்கிட்டு நான் ஸ்டியரிங் தொட மாட்டேன்."

"பள்ளம் போயிட்டா?"

"போகட்டும், பாக்கலாம்."

அந்தப் 'பாக்கலாம்' ஒன்றை நம்பி, புது மட்கார்டு செய்ய மாமா தகடு வாங்கினார்.*

* எட்டடி நீளம், நான்கடி அகலம், ஒரு மில்லிமீட்டர் தடிமன். நானும் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினேன். இந்தத் தகவல் கதைக்குத் தேவையில்லை. என் தோள் சொல்லச் சொன்னது.

3

வேலை நடந்த விதத்தை எழுதுவது சுலபம். யாரும் பொய் சொல்லாத பகுதி இது.

அக்கா பழைய மட்கார்டின்மேல் பழுப்புக் காகிதத்தைப் போர்த்தினாள். குண்டூசி இறங்காது என்பதால் காந்தத் துண்டுகளை ஒட்டி நிறுத்தினாள். காகிதம் படியாமல் சுருங்கிய இடங்களில், ரவிக்கைக்குப் பிடிப்பதுபோல, டக் பிடித்தாள். மாமா அந்தக் காகிதத்தைத் தகட்டில் ஒட்டி, ஓரத்தைத் தடவித் தடவி வெட்டினார். பிறகு மணல் மூட்டைமேல் போட்டு மரச்சுத்தியலால் தட்டினார். டக் இருந்த இடத்தில் உள்வாங்கல், இல்லாத இடத்தில் புடைப்பு.

"கண்ணை மூடிக்கிட்டா தட்டறீங்க?" என்றாள் அக்கா.

"தொறந்தா மட்டும் என்ன வாழுது. கை சொல்லுது, நான் கேக்கறேன்."

"என் பேச்சையும் இப்படிக் கேட்டிருக்கலாம்."

4

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமை.

அக்கா இடைவெளியில் விரலை விட்டுப் பார்த்தாள். மாமா புதுத் தகட்டின்மேல் உள்ளங்கையை ஓட்டிக்கொண்டு வந்தார். ஹெட்லைட்டுக்கு ஒரு சாண் பின்னால் கை நின்றது.

"டெய்லரம்மா, எதுலேருந்து அளவெடுத்த?"

"பழைய மட்கார்டுலேருந்து. நீங்கதானே கழட்டி வச்சீங்க?"

"இடிச்சதுலேருந்தா?"

அக்கா விரலை வெளியே எடுத்தாள். நான் டார்ச்சைக் கிட்டே கொண்டுபோனேன். பதினோரு வருடப் பள்ளம், புத்தம் புதுத் தகட்டில், அதே இடத்தில், அதே ஆழத்தில் இருந்தது.

"உடம்பு எப்படி இருக்கோ அப்படித்தான் அளவெடுக்கணும்," என்றாள் கடைசியில். "ஒரு தோள் சரிஞ்சிருந்தா சட்டையும் சரிஞ்சுதான் இருக்கணும். இருபத்தெட்டு வருஷமா அப்படித்தான். சரி, நான்தான் அப்படி. தட்டும்போது உங்களுக்குத் தெரியலையா?"

"தினம் தொடச்சுத் தொடச்சு கைக்குப் பழகிப்போச்சு. வண்டியே அப்படித்தான்னு நெனச்சிடுச்சு."

அவர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

5

இங்கே எனக்கு அக்காமேல் சந்தேகம் வந்தது.

வலது மட்கார்டு அடிபடாமல் பக்கத்திலேயே இருந்தது. அதில் அளவெடுத்துக் காகிதத்தைப் புரட்டிப் போட்டால் இடது வந்துவிடும். ஒரு கைக்கு வெட்டிய காகிதத்தைப் புரட்டி மறு கைக்கு வெட்டுவது அவளுடைய தினப்படி வேலை. அது அவளுக்கா தோன்றாமல் போகும்? பள்ளம் இருக்கும்வரை அவள் ஓட்ட வேண்டாம். அவள் ஓட்டாதவரை மாமா ஓட்டுவதை நிறுத்திவிட்டார் என்பதும் முடிவாகாது. (இந்த வாக்கியத்தை இரண்டு முறை அடித்துவிட்டுத் திரும்ப எழுதினேன்.)

இதுவரை எழுதியதை மறுநாள் அவளிடம் படித்துக் காட்டினேன். தையல் மெஷினை நிறுத்தாமல் கேட்டாள்.

"எழுதறத எழுதுடா. தப்பா அளவெடுத்தவள்னு மட்டும் எழுதாத. எடுத்த அளவு சரி. எடுத்த பக்கம்தான் தப்பு."

"தெரிஞ்சேவா, தெரியாமலா?"

நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். பழுப்புக் காகிதச் சுருளை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனாள். ஜன்னல் வழியே பார்த்தேன்: வண்டியின் வலப்பக்கம் குந்தி உட்கார்ந்து காந்தங்களை ஒட்டிக்கொண்டிருந்தாள். மாமா பக்கத்தில் நின்று, கேட்கும்போதெல்லாம் ஒவ்வொன்றாக நீட்டினார்.

6

முடிவுக்கு மூன்று வரைவுகள் எழுதினேன். ஒன்றில் அக்கா நெடுஞ்சாலையில் கண்ணாடியை இறக்கிவிட்டு, காற்றில் தலைமுடி... வேண்டாம், அது விளம்பரப் படம். இன்னொன்றில் வண்டியை விற்றுவிடுகிறார்கள். அதை எழுத எனக்கு மனம் வரவில்லை. மூன்றாவதில் என் கேள்விக்கு அக்கா பதில் சொல்கிறாள். நிஜத்தில் அவள் சொல்லவில்லை. அந்தப் பதிலை நீங்களே வைத்துக்கொள்ளலாம். உங்களுக்கும் ஒரு அக்கா இருக்கக்கூடும்.

மற்றது நடந்தபடி. ஜூன் 15, ஞாயிறு, காலை ஏழு மணிக்கு வண்டி கேட்டைத் தாண்டியது. இடது மட்கார்டுக்கு இன்னும் பெயின்ட் அடிக்கவில்லை. தெருமுனைக்குள் இஞ்சின் இரண்டு முறை அணைந்தது. மாமா பக்கத்து இருக்கையில் இருந்தார்.