எட்டாம் நம்பர் வீட்டு முத்திரைகள்

குப்பையைக் கொட்டிவிட்டுப் படியேறி வந்த ராய்முண்ட், தன் வாசலை ஒட்டிய முத்திரை உடைந்திருப்பதைப் பார்த்தார்.

மறுபடியும்.

அவர் திடுக்கிடவில்லை. திடுக்கிடுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும். குனிந்து விரலால் தடவினார். தலைமுடி நுழையும் அளவுக்கு நடுவில் ஒரு கீறல். போன மாதம் அவரே பூசிய பிளாஸ்டர்.

முத்திரை என்று சொன்னாலும் அது அரக்கு இல்லை. சுவர் வெடிப்பின் குறுக்கே உள்ளங்கை அகலத்துக்கு பிளாஸ்டரை அப்பி, அதன்மேல் ஆணியால் தேதியைக் கீறிவிட்டுப் போவார்கள் சுரங்கச் சேத ஆபீஸ்காரர்கள். அடியில் மண் நகர்ந்தால் முதலில் உடைவது அதுதான். முத்திரை முழுதாக இருந்தால் வீடு நிற்கிறது என்று அர்த்தம். உடைந்தால் வீடு நடக்கிறது. நடக்கிற வீட்டில் ஆட்களைக் குடியிருக்க விடமாட்டார்கள்.

ஆபீஸிலிருந்து நாளைக் காலை வருகிறார்கள்.

உள்ளே ட்ரௌதாவின் மூச்சு கேட்டது. சுரங்கத்தில் நிலக்கரியையும் கல்லையும் பிரிக்கும் ஓடுபட்டையில் இருபது வயதில் நின்றவள். அந்தத் தூசி இன்னும் அவள் நெஞ்சை விட்டு இறங்கவில்லை. அடுப்படியிலிருந்து ஜன்னலுக்கு நடந்தாலே நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பக்கத்து ஆறாம் நம்பர் வீட்டைக் காலி செய்தபோது, அந்த ஆட்களை ஊர் எல்லையிலிருந்த பழைய தொழிலாளர் விடுதியில் கொண்டுபோய் வைத்தார்கள். மூன்றே மாதம் என்றார்கள். வருஷங்கள் ஓடிவிட்டன. தளத்துக்கு ஒரு பொதுச் சமையலறை, தாழ்வாரத்தின் கோடியில் கக்கூஸ். அங்கே ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்த ட்ரௌதா, கோட்டைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்: "என்னை அங்க மட்டும் கொண்டுபோய் வெச்சுராத." மாட்டேன் என்று ராய்முண்ட் வாக்குக் கொடுத்தார். அந்த வாக்கைத்தான் பிளாஸ்டரில் குழைத்துக் குழைத்துப் பூசிக்கொண்டிருந்தார்.

அவருக்கு அது கைவந்த வேலை. உருக்காலையில் உலைக்குள் செங்கல் பதித்தவர். புது பிளாஸ்டர் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும் என்பதால் ஆறிப்போன பார்லி காபியைக் கொஞ்சம் கலப்பார். பழைய தேதியையே ஆணியால் கீறுவார். வீட்டில் எல்லோரும் ட்ரௌதாவைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போயிருக்கும் நேரத்தில், முழங்கால் வலி என்று சாக்குச் சொல்லித் தங்கிக்கொண்டு இதைச் செய்வார்.

தப்பு என்று அவருக்குத் தோன்றவில்லை. அவரிடம் ஒரு கணக்கு இருந்தது. வெடிப்பு தரைத்தளத்திலிருந்து மச்சு வரைக்கும் படிக்கட்டுச் சுவரிலேயே ஏறுகிறது. தளத்துக்கு ஒரு முத்திரை. கீழே மச்சான் கின்டர், முதல் மாடியில் இவர்கள், அதற்கு மேலே ஹில்டா, மச்சில் இளம் ஜோடி தாமியனும் சபீனாவும். வீடு நிஜமாகவே நடந்தால் எல்லா முத்திரையும் உடைய வேண்டும். மற்றவை கல் மாதிரி இருக்கின்றன. உடைவது தன்னுடையது மட்டும்தான். ஆகவே கோளாறு தன் வாசல் சாந்தில்தான், மண்ணில் இல்லை.

தவிரவும், கீழே தோண்டுகிறவன் போய்விட்டான். பைட்டோம் நகரத்தை யார்தான் தோண்டவில்லை? ஜெர்மன் பிரபு தோண்டினார், சண்டையில் ஹிட்லர் ஆட்கள் தோண்டினார்கள், அப்புறம் போலந்து வந்ததும் தொழிலாளர் அரசாங்கம் தொழிலாளர் பேரைச் சொல்லியே தோண்டியது. ராய்முண்டின் அப்பா ஒரே கட்டிலில் படுத்தபடி மூன்று ஆட்சிகளுக்குக் குடிமகனாக இருந்தவர். நகரத்தைத் தாங்குவதற்கென்று விட்டுவைத்திருந்த நிலக்கரித் தூணையும் கடைசியில் வெட்டி எடுத்தார்கள். மேலே மாதா கோயில் சாய்ந்தது, ஓடை திரும்பி ஓடியது, டிராம் தண்டவாளம் பாம்பாக நெளிந்தது. ஜனங்கள் அலமாரிக் காலுக்குக் கட்டை கொடுத்துவிட்டு சாப்பிட உட்கார்ந்தார்கள். உருக்காலை மூடி வெகுகாலமாகிறது. ஊரின் கடைசிச் சுரங்கமும் இந்த வசந்தத்தோடு மூடியாயிற்று. மண் ஒரு தரம் காலை உதறிவிட்டு உட்கார்ந்துவிடும் என்று இங்கே பிறந்த எல்லோரும் நம்பினார்கள். அவரும் நம்பினார்.

நாளைக்கு ஒருநாள் தாண்டிவிட்டால் வீட்டை ஆபத்துப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள்.

அலமாரியைத் திறந்து பையை உதறினார். பிளாஸ்டர் மாவு ஒரு கரண்டிகூடத் தேறவில்லை. தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

தெருமுனையில் எல்ஃப்ரீதாவின் வன்பொருள் கடை. ஆணி, எலிப்பொறி, புறாத் தீவனம், சவப்பெட்டிக் கைப்பிடி வரை எல்லாம் கிடைக்கும். ராய்முண்ட் பிளாஸ்டர் கேட்டதும் அவள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள்.

"தீந்துபோச்சு. எட்டாம் நம்பர்க்காரங்க எல்லாருமா சேர்ந்து என்ன செய்றீங்க? சொரூபம் கிரூபம் வார்க்குறீங்களா?"

"எல்லாருமான்னா?"

"காலையில ஹில்டா வந்து கடைசிப் பையை எடுத்துட்டுப் போனா. சனிக்கிழமை உன் மச்சான். அதுக்கு முன்னாடி அந்த மச்சு வீட்டுப் பையன். நீ மாசாமாசம் வர்றவன். இந்தத் தெருவுல இப்போ ரொட்டிக்கு அடுத்தபடியா விக்கிறது பிளாஸ்டர்தான்."

ராய்முண்ட் சிரிக்க முயன்றார். வாய் கோணியதே தவிரச் சிரிப்பு வரவில்லை.

வீட்டுக்குத் திரும்பியதும் தன் தளத்துக்கு ஏறவில்லை. கீழேயே நின்று கின்டரின் முத்திரையை வெளிச்சம் போட்டுப் பார்த்தார். இத்தனை நாள் தூரத்திலிருந்து பார்த்து நிம்மதிப்பட்ட முத்திரை. விரலை எச்சில் தொட்டுத் தேய்த்தார். சாம்பல் ஒட்டிக்கொண்டு வந்தது. அடியில் புது வெள்ளை.

மாடியேறினார். ஹில்டாவின் முத்திரை இன்னும் ஈரம்கூடக் காயவில்லை. அவளுக்கு அடிக்கடி ஒற்றைத் தலைவலி வந்து ஞாயிறு பூசை தப்பியது நினைவுக்கு வந்தது. கின்டருக்கும் சில ஞாயிறுகளில் புறாக்களுக்கு நோய் வந்திருக்கிறது. வாராவாரம் இந்த வீட்டிலிருந்து ஒரு ஆள் மட்டும் குறைவதைப் பாதிரியார் கேட்டார் என்று ட்ரௌதா ஒருமுறை சலித்துக்கொண்டாள். அப்போது யாருக்கும் உறைக்கவில்லை.

நாலு முத்திரையும் உடைந்துகொண்டேதான் இருந்திருக்கிறது. ஒவ்வொருத்தரும் தன்னுடையதை ரகசியமாகப் பூசிவிட்டு, அடுத்தவனுடையது முழுதாக இருக்கிறதே என்று தைரியமாகத் தூங்கியிருக்கிறார்கள்.

ஹில்டாவின் கதவு சத்தமில்லாமல் திறந்தது. டிராமில் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்றவள். ஆளைப் பார்த்தவுடன் விஷயம் தெரிந்துவிடும் அவளுக்கு. அவர் விரலிலிருந்த ஈரப் பிளாஸ்டரைப் பார்த்தாள். உள்ளே போய்ப் பாதிப் பையை எடுத்துவந்து அவர் கையில் திணித்தாள்.

"மிச்சம். நாளைக்குள்ள காயணும்னா இப்பவே பூசிரு." கதவு மூடிக்கொண்டது.

பையோடு கீழே இறங்கிக் கின்டரிடம் போனார். கின்டர் புறாக் கூண்டைச் சுரண்டிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். மறுக்கவில்லை. தான் சுரங்கத்துக்குள் முப்பது வருஷம் வேலை பார்த்தவன் என்றும், பாறை எப்போது முனகும் எப்போது அடங்கும் என்று தனக்குத் தெரியும் என்றும் சொன்னார். புறாவைத் தூக்கிக்கொண்டு எந்த விடுதிக்கும் போக முடியாது என்பதையும் சேர்த்துக்கொண்டார்.

"உன் பொண்டாட்டிய நெனச்சுப் பாரு மச்சான். அவ என் தங்கச்சி. அந்த விடுதியில ஒரு குளிர்காலம் தாங்குவாளா?"

ராய்முண்ட் பையை அக்குளில் இடுக்கிக்கொண்டார். மச்சுக்கு ஏறினார்.

தாமியன் வேலைக்குப் போயிருந்தான். முன்னாலேயே மூடிப்போன ஒரு சுரங்கம் இருந்த இடத்தில் இப்போது பெரிய கடைவளாகம். அங்கே தள்ளுவண்டிகளைக் கோத்து இழுக்கிற வேலை. சபீனா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தாள். அவள் தலைக்குப் பின்னால், கூரை சுவரைத் தொடும் மூலையில் குழந்தையின் துணிகளைச் சுருட்டிச் சுருட்டி அடைத்திருந்தது. ஒரு துணி விலகிய இடத்தில் வானம் தெரிந்தது.

எப்போதிலிருந்து என்று ராய்முண்ட் கேட்டார். ஈஸ்டரிலிருந்து என்றாள்.

"உங்கம்மா வீட்டுக்குப் போயிருக்கலாமே, பொண்ணே?"

"போகத்தான் மாமா இருந்தேன். பெட்டிகூடக் கட்டிட்டேன். தாமியன்தான், ராய்முண்ட் மாமா உலை கட்டினவரு, அவர் வாசல்ல முத்திரை அப்படியே இருக்கு, அவருக்குத் தெரியாதான்னாரு." அவள் குழந்தையின் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். "தினம் படியேறும்போது உங்க முத்திரையத்தான் முதல்ல பாப்பேன். அதைப் பாத்தாத்தான் தூக்கம் வரும்."

ராய்முண்ட் படியில் உட்கார்ந்துவிட்டார். முழங்கால் வலி இந்தத் தடவை நிஜம்.

அன்று மாலை பிளாஸ்டர் பை மேஜைமேல் இருந்தது. ட்ரௌதா உருளைக்கிழங்கு உருண்டைகளுக்கு மாவு பிசைந்தாள். உருட்டி, கட்டைவிரலால் குழி வைத்து, தட்டில் அடுக்கினாள். பையையும் பார்த்தாள், அவரையும் பார்த்தாள். சாப்பிட்டார்கள். பை பிரிக்கப்படாமலே கிடந்தது.

காலையில் வந்தது ஒரு பெண் இன்ஸ்பெக்டர். கையில் டார்ச், கண்ணுக்கடியில் கருவளையம். இந்தத் தெரு முழுவதையும் மத்தியானத்துக்குள் முடித்தாக வேண்டும் என்று வாசலிலேயே சொல்லிவிட்டாள். நாலு தளத்து ஆட்களும் படிக்கட்டில் நின்றார்கள். கின்டரின் முத்திரைக்கு வெளிச்சம் அடித்தாள், தலையாட்டினாள். ராய்முண்டின் முத்திரையில் நின்றாள். கீறலை உற்றுப் பார்த்தாள். மேலே இருந்து ஹில்டா, கீழே இருந்து கின்டர், இருவர் பார்வையும் ராய்முண்டின் பிடரியில் குத்தியது. அவர் நிமிரவில்லை. உடைந்ததை இன்ஸ்பெக்டரே பார்த்துவிட்டாள். இனித் தன் வாயைத் திறக்க வேண்டியிராது என்று நினைத்தார்.

அவள் மற்ற இரண்டு முத்திரைகளையும் பார்த்துவிட்டு இறங்கி வந்தாள். மச்சு வீட்டுக்குள் போகவில்லை. படிக்கட்டுதான் அவள் பொறுப்பு.

"ஒண்ணுதான் விட்டிருக்கு. மேலயும் கீழயும் நல்லா இருக்கு. அது உங்க வாசல் சாந்து பழசானதால ஐயா, பயப்படாதீங்க. வீட்டைப் பட்டியல்லேர்ந்து எடுத்துடலாம்."

அவருடைய கணக்கையே அவருக்குத் திருப்பிச் சொன்னாள்.

கின்டர் மூச்சை விட்டது கேட்டது. ஹில்டா சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். அந்தப் பெண் பேனாவை எடுத்தாள். உள்ளே, பாதி திறந்த கதவுக்குப் பின்னால், ட்ரௌதாவின் நெஞ்சு கரகரவென்று இழுத்தது. ராய்முண்ட் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே பேசினார்.

"மத்ததும் உடைஞ்சதுதாங்க. பூசியிருக்கோம். என்னுது நான் பூசினது. பல தடவை."

ரிட்டயரான ஆளுக்கு மூளை கலங்கிவிட்டது, நாங்கள் யாரும் எதையும் தொடவில்லை என்று கின்டர் நிதானமாகச் சொன்னார். இன்ஸ்பெக்டர் ஒருவர் முகத்திலிருந்து இன்னொருவர் முகத்துக்குப் பார்வையைத் திருப்பினாள். அப்போது மேலே டொக்கென்று ஒரு சத்தம். சபீனா சாவியால் மச்சு முத்திரையை நெம்பிக்கொண்டிருந்தாள். ஒரே தகடாகப் பெயர்ந்து அவள் கையோடு வந்தது. அடியில் இருந்த வெடிப்பில் அவள் கையை முழுதாக உள்ளே விட்டுக் காட்டினாள்.

பேனாவை மூடிவிட்டு அந்தப் பெண் போனில் பேசினாள். சாயங்காலத்துக்குள் எல்லோரும் வெளியேற வேண்டும், விடுதியில் அறை ஒதுக்கியாயிற்று, பேருந்து வரும் என்றாள். திட்டவில்லை, குற்றம் சுமத்தவில்லை. இந்தத் தெருவில் இது மூன்றாவது வீடு என்று மட்டும் சொல்லிவிட்டு, பிடிசுவரைத் தொடாமல் இறங்கிப் போனாள்.

கின்டர் தன் கதவைச் சாத்தும்முன் ஒருதரம் திரும்பினார். "நல்லா இரு, ராய்முண்ட்." முப்பது வருஷத்தில் முதல் தடவையாக மச்சான் என்று சொல்லவில்லை.

உள்ளே போனபோது ட்ரௌதா கட்டில்மேல் பெட்டியைத் திறந்து வைத்திருந்தாள். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது. தன் கம்பளிச் சட்டைகளை மடித்தாள், தன் மருந்துகளை அடுக்கினாள், தன் செருப்பைக் காகிதத்தில் சுற்றினாள். அவருடைய பொருள் ஒன்றையும் தொடவில்லை. நடுவில் இரண்டு தரம் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். உதவப் போனவரைக் கையால் தள்ளினாள்.

ராய்முண்ட் இன்னொரு பெட்டியை இறக்கித் தன் துணிகளைத் தானே அடுக்க ஆரம்பித்தார்.

வெளியே பேருந்து வந்து நின்ற சத்தம் கேட்டபிறகுதான் அவள் பேசினாள்.

"எத்தனாவது மாடியாம்?"

"நாலு."

"லிஃப்ட்?"

"இருக்குதாம்."

"ஓடுதா?"

அவருக்குத் தெரியவில்லை. ட்ரௌதா பெட்டியைப் பூட்டி, அதை இழுத்து அவர் காலடியில் வைத்தாள்.

"அப்போ ரெண்டையும் நீயே தூக்கு. என்னையும் சேர்த்துத்தான்."