ஆறுமணிஜெபம் டாட் இன்

பியூலாவின் வெப்சைட் பெயரை யார் எங்கிருந்து அடித்தாலும், அடித்த மறு நிமிடம் பாளையங்கோட்டையில் அவள் வீட்டு முன்னறையில் வந்து நிற்பார்கள். வாசற்படியில் அல்ல, படியைத் தாண்டி இரண்டடி உள்ளே. சுவரில் அன்றைக்கு அவள் ஒட்டியிருக்கிற வேத வசனத்தை வாசிப்பார்கள், முழங்காலில் நிற்பார்கள், வந்த மாதிரியே போய்விடுவார்கள். மஸ்கட்டிலிருந்து ஒரு நர்சம்மா யூனிபாரத்தோடு வருவாள். கோவில்பட்டி லாரிக்காரர் வண்டிச் சாவியைக் கையில் பிடித்தபடி வருவார். வெப்சைட் வழியாக வருகிறவர்கள் விருந்தாளிகள் அல்ல என்பதால் பியூலா யாருக்கும் காப்பி கொடுப்பதில்லை. அவர்களும் எதிர்பார்ப்பதில்லை.

காலை சரியாக ஆறு மணிக்குத் தூத்துக்குடியிலிருந்து அவளுடைய அக்கா ரூபாவதி வருவாள்.

பியூலாவின் மூத்த மகன் கல்யாணப் பத்திரிகையில் ரூபாவதியின் வீட்டுக்காரர் ஆசீர் அத்தானின் பெயர் விட்டுப்போய் ஆறு வருஷமாகிறது. "இனிமே உன் வாசப்படிய மிதிக்க மாட்டேன். உன்கிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டேன்" என்று ரூபாவதி மண்டபத்திலேயே சத்தியம் செய்தாள். அத்தானும் அதே சத்தியத்தைச் செய்துவிட்டு, போட்ட இலையை மடித்து வைத்து எழுந்து போனார். வெப்சைட் வழியாக வந்தால் படியை மிதிக்கிற வேலையில்லை. அதனால் சத்தியத்துக்குப் பங்கம் வராமல் ரூபாவதி தினமும் வந்து, வாசித்து, இரண்டு நிமிஷம் ஜெபித்துவிட்டுப் போவாள். அந்த நேரம் பியூலா அடுப்படி வாசல் நிலையில் நின்று அக்காளின் பிடரியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். போன வருஷம் அங்கே முடி நரைக்க ஆரம்பித்திருந்தது. அக்காளில் அவளுக்கு மிச்சமிருந்தது அந்தப் பிடரிதான். ஒரு நாளை ஓட்ட அது போதும்.

பெயரைச் சண்டைக்கு முந்தி இரண்டு பேருமாகத்தான் தேர்ந்தெடுத்தார்கள். ஜெபவீடு என்ற பெயர் ஏற்கெனவே போயிருந்தது. ஆறுமணிஜெபம் டாட் காம் ஒரு அலாரக் கடிகார வியாபாரியிடம் இருந்தது. டாட் இன் மட்டும் கிடைத்தது. ஈமெயில் வைத்திருந்தவள் ரூபாவதி என்பதால் அவள் பேரிலேயே பதிந்தார்கள்.

இப்போது அந்தப் பெயரைப் பதிந்து வைத்திருக்கிற கம்பெனி மூடப்போகிறது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் வேறு கம்பெனிக்கு மாற்ற வேண்டும். மாற்றுவதற்கு எழுத்தும் எண்ணும் கலந்த ரகசியக் குறி, மொத்தம் பதினாறு, உரிமையாளருக்குத் தபாலில் போயிருக்கிறது. உரிமையாளர் நேரில் வந்து, பெயர் இருக்கிற இடத்தில் நின்று, வாயால் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பெயர் காலி. காலியானால் அடுத்து எடுப்பதற்கு வரிசையில் முதல் ஆளாக மெத்தைக்கடை குத்தாலிங்கம் நிற்கிறார். ஐந்து மணி ஒரு நிமிஷத்திலிருந்து யார் அந்தப் பெயரை அடித்தாலும் அவர் கடையில் மெத்தைகளுக்கு நடுவே போய் நிற்பார்கள்.

தபால் போன திங்கட்கிழமையிலிருந்து ரூபாவதி வரவில்லை.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்குப் பெயர் மாற்றும் அலுவலர் தனபாலன் படிவத்தோடும் ஒரு மேஜைக் கடிகாரத்தோடும் வந்து உட்கார்ந்தார். பின்னாலேயே குத்தாலிங்கம் டேப்போடு வந்து, முன்னறையின் அகலத்தை வெளியே நின்றபடி அளந்தார்.

"கோவிச்சுக்காதீங்க அக்கா. பேரோட அளவு தெரிஞ்சாத்தான் கடையில இடம் ஒதுக்க முடியும்."

"அளந்துக்கிடுங்க அண்ணாச்சி" என்றாள் பியூலா.

அவள் செய்யாதது எதுவும் இல்லை. தூத்துக்குடிக்கு மூன்று தரம் போய்க் கதவைத் தட்டியிருக்கிறாள், திறக்கவில்லை. போன் எடுக்கப்படவில்லை. சுவரில் அக்காளுக்கு என்று எதையும் எழுதவும் முடியாது. வெப்சைட்டில் இருப்பது எல்லாருக்கும் பொது, ஒரு ஆளுக்கு மட்டும் எழுதக்கூடாது என்பது சட்டம். அடுப்படிக்குள் போய், "ஆண்டவரே, அவ பேசக்கூட வேண்டாம். அந்தப் பிடரிய மட்டும் என் கண்ணுலயிருந்து எடுத்துராதேயும்" என்று கேட்டாள்.

நாலேகாலுக்கு எழுந்து வந்தாள். சுவரிலிருந்த வசனத்தை எடுத்துவிட்டு, ஒரு சார்ட் தாளை ஒட்டி, ஸ்கெட்ச் பேனாவால் மகனுடைய கல்யாணப் பத்திரிகையை முதலிலிருந்து எழுதினாள். ஆறு வருஷத்துக்கு முந்தின அதே தேதி, அதே மண்டபம். கீழே, தங்கள் நல்வரவை விரும்பும் என்ற இடத்தில் எல்லாருக்கும் மேலே திரு. ஆசீர் என்று போட்டாள். கல்யாணப் பத்திரிகை எல்லாருக்கும் பொது. தனபாலன் எட்டிப் பார்த்துவிட்டுக் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தார்.

நர்சம்மா வந்து மணமக்களுக்காக ஜெபித்துவிட்டுப் போனாள். லாரிக்காரர் வாசித்துவிட்டு, "சாப்பாடு முடிஞ்சிருக்குமே" என்று சொல்லிக்கொண்டே போனார். மணி நாலே முக்கால். தனபாலன் படிவத்தில் "வரவில்லை" என்ற கட்டத்துக்கு நேரே பேனாவைக் கொண்டுபோய் வைத்துக்கொண்டார். வெளியே குத்தாலிங்கம் ஒரு கால் செருப்பைக் கழற்றினார்.

நாலு ஐம்பத்து மூன்றுக்கு ரூபாவதி வந்து நின்றாள். கையில் தபால் உறை, பிரிக்காமல். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பத்திரிகையை வாசித்தாள். திரும்பவும் முதலிலிருந்து வாசித்தாள். பிறகு தனபாலன் பக்கம் திரும்பினாள்.

"சார், அவகிட்ட சொல்லுங்க. எழுத்து சின்னதா இருக்கு."

"எழுத்து சின்னதா இருக்காம்" என்றார் தனபாலன்.

பியூலா அத்தான் பெயரின் மேலேயே பெரிதாகத் தடித்து எழுதினாள்.

"பி.எஸ்ஸி. எங்கன்னு கேளுங்க."

"பி.எஸ்ஸி. கேக்காங்க."

பி.எஸ்ஸி. சேர்ந்தது. மணி நாலு ஐம்பத்தாறு.

"ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்னு போடணும்லா, சார்."

பியூலாவும் தனபாலனைப் பார்த்தே சொன்னாள். "சார், கல்யாணத்தப்ப அத்தான் ஓய்வு பெறல. அதுக்குப் பெறகு ரெண்டு வருசம் கழிச்சுத்தான். அவுக ஓய்வு பெத்த அன்னைக்கு நான் உபவாசம் இருந்து ஜெபிச்சேன்."

ரூபாவதி பத்திரிகையிலிருந்த தேதியை இன்னொரு தரம் பார்த்தாள்.

"அது சரிதான்னு சொல்லுங்க" என்றாள்.

உறையைப் பிரித்தாள். ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். தனபாலன் ஒவ்வொரு கட்டமாக நிரப்பினார். பதினைந்தாவது எழுத்தோடு ரூபாவதி நிறுத்திவிட்டாள். வெளியே குத்தாலிங்கம் அடுத்த செருப்பையும் கழற்றினார். ரூபாவதி காகிதத்திலிருந்து தலையைத் தூக்கி, ஆறு வருஷத்தில் முதல் தடவையாகத் தங்கச்சியின் முகத்தைப் பார்த்தாள். பியூலாவுக்கும் நரைத்திருந்தது.

"ஏழு" என்றாள்.

தனபாலன் முத்திரையைக் குத்தினார். ஐந்து அடித்தது. குத்தாலிங்கம் செருப்பைப் போட்டுக்கொண்டார்.

"மாறின பேரு அறுபது நாளைக்கு இடத்த விட்டு அசையக் கூடாது. உரிமையாளரும் அதுல சேத்திதான்" என்றார் தனபாலன்.

ரூபாவதி ஒரு காலைத் தூக்கி வைத்துப் பார்த்தாள். வீட்டுக்குள் எங்கே வேண்டுமானாலும் போனது, வெளியே போகவில்லை.

"அப்ப நான் எங்க படுக்கன்னு கேளுங்க சார்."

"நான் ஒரு மெத்தை அனுப்புதேன்" என்று வெளியிலிருந்து குத்தாலிங்கம் சொன்னார்.

"ஆறரைக்கு அவுக வீட்டுக்கு வருவாவ. காப்பி போட ஆளில்ல" என்றாள் ரூபாவதி.

தனபாலன் இன்னொரு படிவத்தை எடுத்தார். "உங்க வீட்ட இங்க திருப்பி விட்டுரலாம்மா. அதுல ரெண்டு விதம். சும்மா திருப்பினா, வேற வீட்டுக்கு வந்துட்டோம்னு சாருக்குத் தெரிஞ்சுரும். மறைச்சுத் திருப்பினா, தன் வீடுன்னே நெனச்சுக்கிடுவாரு."

"மறைச்சே திருப்புங்க. அவுகளும் சத்தியம் பண்ணிருக்காவல்லா."

கையெழுத்து வாங்கிக்கொண்டு தனபாலன் கடிகாரத்தோடு கிளம்பிப் போனார்.

ஆறரைக்கு ஆசீர் அத்தான் தூத்துக்குடியில் தன் வீட்டுக் கதவைத் திறந்து பியூலாவின் முன்னறைக்குள் வந்தார். "ரூபா, காப்பி" என்றார். சட்டையைக் கழற்றி, வழக்கம்போல ஜன்னலுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினார். அந்தச் சுவரில் ஆணி கிடையாது. சட்டை நேராகத் தொங்கிற்று.

அடுப்படியில் பியூலா பாலை இறக்கினாள். சொல்லி அனுப்ப ஆளில்லாமல் ரூபாவதி முன்னறையைச் சுற்றிப் பார்த்தாள். பிறகு சட்டையிடம் குனிந்து, "அவகிட்ட சொல்லு, அவுகளுக்கு அரைக் கரண்டிதான்" என்றாள்.

"சீனி அரைக் கரண்டியாம்" என்றது சட்டை.

பியூலா அரைக் கரண்டி போட்டாள்.