சக்கர நாற்காலியின் நிலை ஆற்றல்

என் கணவர் இயற்பியல் வாத்தியார். மாடிப்படியில் விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வு போனபிறகும் வாய் மட்டும் ஓயவில்லை. சாயங்காலம் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் டியூஷனுக்கு வருவார்கள். உதாரணத்துக்கு ஆள் வேண்டுமென்றால் இளிச்சவாய் நான்தான்.

"ஆஸ்பத்திரிச் சரிவுல ஆன்ட்டி என்னை மேல தள்ளிட்டுப் போறாங்கள்ல? அந்த உழைப்பு வீணாப் போகல. எனக்குள்ள நிலை ஆற்றலா சேர்ந்திருக்கு. எடை கூடக்கூட, உயரம் கூடக்கூட, அதுவும் கூடும். அவங்க கையை விட்டா நாற்காலி உருளும். அப்போ அதே ஆற்றல் இயக்க ஆற்றலா மாறிடும்."

"ஆன்ட்டிக்கு மூச்சு வாங்குதே, அது சார்?" என்றாள் ஒருத்தி.

"அது வெப்பமாப் போயிடும்."

பிள்ளைகள் சிரித்தார்கள். நான் உள்ளே முதுகுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் கைகளுக்கு ஒரு குறையும் இல்லை. சக்கரத்தை அவரே உருட்டலாம் என்று ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கும் பெண் ஒவ்வொரு முறையும் சொல்லுவாள். இவர் பல்லக்கில் போகிற ராஜா மாதிரி மார்பில் கையைக் கட்டிக்கொள்வார். கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். எனக்கோ முதுகு விட்டுப்போய்விட்டது. அலுத்துப்போனேன். 'இனி என்னால ஆகாது, உங்க தம்பி வீட்டுக்குப் போயிடுங்க.' இன்று ஆஸ்பத்திரிச் சரிவில் மேலே போனதும் இதைச் சொல்லிவிடுவது என்று காலையிலிருந்து மனப்பாடம் செய்திருந்தேன்.

சரிவை அப்போதுதான் துடைத்திருந்தார்கள். பாதி தூரம் ஏறியதும் கால் வழுக்கி ஓரமாக முழங்காலில் விழுந்தேன். கைப்பிடி நழுவிவிட்டது. நாற்காலி முதலில் மெதுவாக என்னைத் தாண்டி, பிறகு வேகமாகப் பின்னால் உருண்டது. பாடத்தில் சொன்னபடியேதான். எனக்கு உயிரே போய்விட்டது.

கிறீச்சென்று ஒரு சத்தம். இரண்டு சக்கரங்களையும் அவர் இறுக்கிப் பிடித்திருந்தார். நாற்காலி குறுக்கே திரும்பிச் சுவரில் மோதி நின்றது.

நொண்டிக்கொண்டே ஓடினேன். அவர் உள்ளங்கை இரண்டும் தோலுரிந்து சிவந்திருந்தன.

"எரியுது," என்றார். அதற்குமேல் விளக்கம் எதுவும் வரவில்லை.

"இந்தக் கை இத்தனை மாசமா எங்க போயிருந்துச்சு? என் முதுகு ஒடியிறது உங்க கண்ணுக்குத் தெரியலையா?" போவோர் வருவோர் பார்க்க அழுதேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நீ தள்ளுற வரைக்கும் நான் நோயாளி. நாளைக்கே எழுந்துடலாம்னு இருக்கும். நானா உருட்ட ஆரம்பிச்சா, இனிமே இதுதான்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். பயமா இருந்துச்சு."

கோபம் தீரவில்லை. ஆனாலும் கைக்குட்டையைக் கிழித்து இரண்டு கையிலும் கட்டினேன். அவர் சக்கரத்தைப் பிடித்தார். நான் பின்னால் தள்ளினேன். அவர் உருட்ட உருட்ட என் தோளிலிருந்து பாரம் இறங்குவது தெரிந்தது.

மேலே போனதும் அவருக்கு இரைத்தது.

"மூச்சு வாங்குதா?"

"ஆமா."

"விடுங்க, அது வெப்பமாப் போயிடும்."

அவர் சிரிக்கவில்லை. விழுந்த நாளிலிருந்து முதல்முறையாக என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: "உனக்கு ரொம்ப வலிக்குதா?"

மனப்பாடம் செய்தது எதுவும் வாயில் வரவில்லை. "வலிக்குதுங்க," என்றேன்.