பாறையின் நகல்

பாடையைத் தூக்கப்போகும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. தொண்ணூற்றொன்றில் அம்பத்தூரில் பெய்த அந்தக் கார்த்திகை மழைக்கு நேரங்காலமே இல்லை. ஆனந்தனின் அண்ணன் குணசேகரன் உள்ளே ஓடி, பரணிலிருந்து ஒரு பெரிய பாலிதீன் தாளை இழுத்துவந்து தம்பியின் உடல்மேல் விரித்துவிட்டார்.

அழுது ஓய்ந்திருந்த நாகவல்லி நிமிர்ந்து பார்த்தாள். கணவனின் மார்பின்மேல் ஒரு சிவப்பு மான் ஓடிக்கொண்டிருந்தது.

அது தாளில் இருந்த மான், ஆனந்தன் எடுத்த நகல். தொல்பொருள் துறையில் ஆனந்தன் பார்த்த வேலையே அதுதான். செஞ்சிப் பக்கத்துக் குன்றுகளில், பாறை ஓவியத்தின்மேல் தாளைப் பட்டும் படாமலும் பிடித்துக் கோடு கோடாக நகலெடுப்பான். கல்யாணமான புதிதில் தாளின் முனைகளை அவள்தான் பிடித்தாள். ஒரு பாறையில், மானின் வயிற்றுக்குக் குறுக்கே வெள்ளையில் தீட்டிய ஒரு மனித உருவம். சிவப்பின்மேல் வெள்ளை ஏறியிருப்பதால் மான்தான் மூத்தது என்று கண்டுபிடித்த அன்று, பிள்ளை பிறந்த மாதிரி குதித்தான் ஆனந்தன். போன வருஷம் அந்தப் பாறையை வெடிவைத்து ஜல்லியாக்கிவிட்டார்கள், படுபாவிகள். மிச்சம் இந்தத் தாள் ஒன்றுதான்.

"மாமா, அந்தத் தாள எடுங்க!"

"இன்னாமா நீ? அவன் நனையறான் பாரு," என்றார் குணசேகரன்.

"நனையட்டும். அது அவரு எடுத்த நகலு. வேற இல்ல."

"பொணத்து மேல போட்டது திரும்ப ஊட்டுக்குள்ள வரக்கூடாது. சுடுகாட்லயே போட்டுட்டு வந்துருவோம்."

அவளே போய்த் தாளை உருவினாள். அதோடு ஒரு மாலையும் வந்து விழுந்தது. கூடியிருந்த பெண்கள் 'ஐயோ' என்று விலகினார்கள். யாரையும் பார்க்காமல் உள்ளே போய்த் தரையில் விரித்து, புடவைத் தலைப்பால் ஒற்றி ஒற்றி எடுத்தாள். கொம்பு, முதுகு, கால்கள் எல்லாம் இருந்தன. மை கலையவில்லை. அப்பாடா என்றிருந்தது. அந்த நிம்மதி அவளுக்கே வெட்கமாக இருந்தது.

வெளியே சாவு மேளம் நகரும் சத்தம் கேட்டது. எழுந்து ஓடினாள். மழை வலுக்கிறதென்று அவசரமாகத் தூக்கிவிட்டிருந்தார்கள். பாடை தெருமுனையைத் திரும்பிவிட்டது.

பக்கத்து வீட்டு ராணி ஓடிவந்து தோளைப் பிடித்தாள். "கடசியா ஒருவாட்டி மொகத்தப் பாத்துக்கினியா நாகு?"

"இல்லக்கா. மான் அழிஞ்சிருச்சான்னுதான் பாத்தேன்."

அவள் தலைப்பிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. ராணி அதைப் பிழிந்துவிட்டாள்.